எண்ணெயும் தண்ணீரும் கூடிய படலம்

வாழ்க, இருபதடி ஏணியின் உச்சிப்படியில் ஒற்றைக் காலூன்றி நிற்பவன்! வாழ்க, ஒரு கையில் வாளியும் மறு கையில் பிரஷ்ஷுமாக, பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லாத குறையை இறைவன்மேல் வைத்த நம்பிக்கையால் நிரப்பிக்கொள்பவன்! ஓட்டைச் சுவர்களுக்குப் பட்டி பூசி உயிர் கொடுத்தவன், ஈரச் சுவர்களின் பூஞ்சைக் குலத்தைக் கருவறுத்தவன், மூன்று கோட்டு அடிக்கிறேன் என்று சொன்னால் மூன்று கோட்டே அடிக்கும் சத்தியசீலன், கொடுத்த வாக்கில் ஒரு சொட்டும் கொடுத்த டப்பாவில் அரைச் சொட்டும் சிந்தாதவன், அக்கம்பக்கத்தார் ‘பெயின்டர்’ என்ற ஒற்றைச் சொல்லால் அழைக்கும் அந்தப் பெருவீரன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், வலக்கையில் ஒரு முட்டையோடு தன் வீட்டு அடுக்களையில் நின்ற நிலையை இங்கே உரைக்கப் புகுகின்றோம். உரைக்குமுன், எல்லார் வீட்டு அடுப்பங்கரையிலும் ஒரே நேரத்தில் நின்று பார்க்கிறவனும், பால் பொங்கும் கணத்தில் மட்டும் நம்மை வேறு பக்கம் பார்க்கவைக்கிறவனுமாகிய இறைவனை வணங்கிக்கொள்கின்றோம். அவன் துணையின்றி எந்தக் கலவையும் கூடுவதில்லை.

இப்போருக்குக் காரணம் ஒரு பொய். பெரிய பொய்யன்று; உள்ளங்கையில் வைத்தால் வியர்வையோடு கரைந்துபோகிற அளவு.

பெயின்டரின் மனைவி பெரிய விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் துணி மடிக்கிறாள். படுக்கை விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. எதிரும் புதிருமாக இருவர் நின்று, நுனியோடு நுனி சேர்த்து, நடந்து வந்து கைமாற்ற வேண்டும். அங்கே ஏற்கெனவே நான்கு பெண்கள் இருந்தார்கள். நான்கு பேர் என்றால் இரண்டு சோடி. ஐந்தாவதாகப் போனவளுக்குத் தலையணை உறை. நான்கு மாதமாக அவள் மூலையில் நின்று, மறுமுனையில் யாருமில்லாத தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசைக்கும் நான்கே நாற்காலிகள். அவள் சன்னல் திண்டில் டப்பாவை வைத்துத் தின்றாள். யாரும் அவளை விரட்டவில்லை. கூப்பிடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் பாதித் துயரம் இப்படிக் கெட்ட எண்ணம் இல்லாமலேயே நடக்கிறது.

போன புதன்கிழமை அந்த நால்வரும் வெள்ளரித் துண்டுகளை கடையில் வாங்கிய ஏதோ ஒரு சாந்துப் பாட்டிலில் தோய்த்துத் தின்கையில், ஒருத்தி திரும்பிப் பாட்டிலை நீட்டி, “நீயும் தொட்டுக்கிறியா?” என்றாள். நான்கு மாதம் சாத்தியிருந்த கதவு இப்படிச் சட்டென்று திறந்தால் யாருக்குத்தான் கால் இடறாது? இவளுக்கு நாக்கு இடறியது.

“எங்க வீட்ல அவரே பண்ணுவாருக்கா. மூணு தினுசு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை. கடையில வாங்குறதே இல்ல.”

அந்த நால்வருக்கும் தலைவி, துணியிலோ பேச்சிலோ ஒரு மடிப்புப் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவதால் ‘இஸ்திரி அக்கா’ என்று பெயர் பெற்றவள், வெள்ளரியைக் கடித்தபடியே பிரகடனம் செய்தாள்: “அப்படியா சங்கதி! வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நாங்க நாலு பேரும் உன் வீட்ல.”

அன்று மாலை, மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்த வீரனின் முன்னால் அவள் வந்து நின்றாள்.

“என்னங்க, உங்களுக்கு டிப் பண்ணத் தெரியும்னு சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட?”

“எல்லார்கிட்டயும்.”

“டிப்புன்னா?”

“தொட்டுக்கிறதுங்க.”

“தொட்டுக்கிறதுன்னா தொட்டுக்கிறதுன்னு சொல்லிட்டுப் போறது. அதுக்கு எதுக்கு டிப்பு டாப்புன்னு? எனக்குத் தெரிஞ்ச டிப்பு, பிரஷ்ஷை டப்பாவுல முக்குறதுதான்.”

அவள் சிரிக்கவில்லை. “தலையணை உறையா மடிச்சு மடிச்சுப் பேச்சே மறந்துபோச்சு. ஏதோ வாயில வந்துடுச்சு. இப்ப வந்து பாத்தாங்கன்னா, சன்னல்கிட்ட உக்காந்து தின்னவ பொய்யும் சொல்றவன்னு ஆயிடும்.”

பெயின்டர் கடைக்குப் போய்ப் பார்த்தான். ஒரு சிறு பாட்டிலின் விலைக்கு ஒரு லிட்டர் பிரைமர் வாங்கலாம். மூன்று பாட்டிலின் விலைக்கு ஒரு சிறிய அறையையே அடித்து முடிக்கலாம். ஆனால் அவன் வெறுங்கையோடு திரும்பியது விலைக்கு அஞ்சி மட்டுமன்று. வாங்கிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் அவள் சொன்னது பொய்யாகவே நின்றுவிடும். அதன்மேல் இன்னொரு கோட்டு அடித்ததுபோல் ஆகிவிடும். முற்காலத்து மன்னர்கள் தாங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற நாடு துறந்தார்கள். தான் சொல்லாத சொல்லைக் காப்பாற்ற அடுக்களை புகுந்தவன் இவன் ஒருவனே.

“ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நீ சொன்னது பொய்யா இருக்காது” என்று அவன் முழங்கினான். “இப்ப சோத்தைப் போடு.”

ஞாயிறு வந்தது. படைகள் திரண்டன. முதல்நாளே நீரில் ஊறிப் பருத்த கொண்டைக்கடலை ஒரு பக்கம். சந்தை கலையும் நேரத்தில் மலிவாக வந்து சேர்ந்த, பழுத்துக் குழைந்த தக்காளிப் பட்டாளம் ஒரு பக்கம். பல் பல்லாகப் பூண்டு, வறுத்த எள், வற்றல் மிளகாய், ஒரே ஒரு எலுமிச்சை, ஒரு போத்தல் எண்ணெய், இரண்டு முட்டை. நடுவே, கல்யாணத்துக்கு வந்து பதினோரு ஆண்டாகச் சினந்துகொண்டே உழைக்கும் மிக்ஸி என்னும் இடிமுழக்கப் பேரிகை. சுவரில், மனைவி எங்கிருந்தோ கேட்டு எழுதி ஒட்டிய செய்முறைச் சீட்டு.

முதற்போரில் கடலை வீழ்ந்தது. குக்கரில் ஏழு விசில் கதறி, விரலால் நசுக்கினால் வெண்ணெயாகும் பதத்தில் சரணடைந்து, எள்ளும் பூண்டும் எண்ணெயும் எலுமிச்சையும் சேர, ஒரு சிட்டிகை மஞ்சளோடு பொன்னிறச் சாந்தாகக் கிண்ணம் புகுந்தது. இரண்டாம் போரில் தக்காளி நேர்நெருப்பில் சுடப்பட்டு, கருகிய தோலை இழந்து, பூண்டோடும் மிளகாயோடும் ஜாருக்குள் தள்ளப்பட்டது. ஓடும் மிக்ஸியின் மூடியை இடையில் திறக்கலாகாது என்ற அறத்தை வீரன் ஒரு நொடி மறந்தான். செங்குருதி வெள்ளம் போல் எழுந்து சுவரில் அறைந்தது. வேறொருவனாயின் கண்ணைத் துடைத்திருப்பான். அவனோ சுவரைத்தான் முதலில் பார்த்தான். “ரெண்டு கோட்டு கேக்கும்” என்றான்.

மஞ்சள் முடிந்தது; சிவப்பு முடிந்தது. இனி வெள்ளை. மயோனைஸ் என்னும் அந்த வெண்ணிற மாயாவி, முட்டையின் மஞ்சள்கருவுக்குள் எண்ணெயைக் குடியேற்றிப் பிறப்பிக்க வேண்டியது. அதைப் பற்றிச் சீட்டில் எழுதியிருந்தது ஒரே வரி: ‘எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும்.’

இங்கேதான் விதி சிரித்தது. கொஞ்சம் என்ற சொல் ஒவ்வொரு தொழிலிலும் ஒவ்வொரு அளவு. தட்டானின் கொஞ்சம் குன்றிமணி. தையற்காரரின் கொஞ்சம் விரற்கடை. பெயின்டரின் கொஞ்சம் அரை வாளி. முட்டையை உடைத்தான், மஞ்சளைப் பிரித்தான், கடுகுத்தூளும் எலுமிச்சையும் இட்டான், மிக்ஸியை முடுக்கினான். பிறகு, தன் தொழில் மரபு வழுவாமல், எண்ணெயைக் கொஞ்சமாக, அதாவது ஒரு குவளையை ஒரே மூச்சில், கவிழ்த்தான். ஒன்றரை நிமிடம் இடி இடித்தது. மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் நிறக் குட்டை. ஸ்பூனைத் தூக்கினால் மழைத்தண்ணீர் போல் ஒழுகியது.

“வெள்ளை ஆயிடுச்சா?” வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மனைவி கேட்டாள். வருகிறவர்களுக்குத் தெரு தெரியாது. பஸ் நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டும்.

“ஆயிட்டே இருக்கு.”

“என்னங்க... முடியலன்னா விட்டுடுங்க. நானே உண்மையைச் சொல்லிடுறேன்.” அவள் முந்தானையைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததை இன்னொரு முறை சரிசெய்தாள்.

“நீ போ. அவங்க நிழல்ல நிக்கட்டும், அவசரமே இல்லன்னு சொல்லு. சுத்தி கூட்டிட்டு வா.”

அவள் போனாள். வீரன் இரண்டாவது, அதாவது இறுதி முட்டையை ஏந்தினான். இம்முறை அவன் பணிந்தான். மெல்லிய நூல்போல எண்ணெயை இறக்கினான். ஆகா, அப்போது நிகழ்ந்த அற்புதத்தை எச்சொல்லால் உரைப்போம்! மஞ்சள் வெளுத்தது, வெளுத்தது தடித்தது, மிக்ஸியின் கூச்சல் கனத்துக் குரல் மாறியது. ஜாருக்குள் வெண்மேகம் ஒன்று, மார்கழிப் பனியும் வெட்கும் மென்மையோடு சுழன்று எழுந்தது. இன்னும் தடித்தது. இன்னும். ஸ்பூன் நட்டால் கொடிக்கம்பம் போல் நின்றது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இக்காவியம் இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள் எனாமல் பெயின்ட்டோடு வாழ்ந்த கை அது. டப்பாவில் பெயின்ட் கெட்டிப்பட்டால் அந்தக் கை என்ன செய்யும்? யோசிக்காது. எண்ணெய் விட்டு இளக்கும். டர்பன்டைன் இட்ட இடத்தில் இன்று சமையல் எண்ணெய். “கட்டியாயிடுச்சு, கொஞ்சம் இளக்குவோம்” என்று தனக்குள் மொழிந்து, மீண்டும் அந்தக் கொடிய ‘கொஞ்ச’த்தை ஊற்றினான்.

மேகம் நடுங்கியது. ஒரு கணம் பளபளத்தது. பிறகு, மன்னன் வீழ்ந்த சேனை போல, வெண்துகள்கள் ஒரு திசையும் எண்ணெய் மறு திசையுமாகச் சிதறி ஓடின.

வீரன் கலங்கினான், ஆயினும் ஆயுதம் துறந்தானில்லை. பெயின்ட்டில் திப்பி விழுந்தால் வடிகட்டுவது குலவழக்கம். பையிலிருந்து இன்னும் பெயின்ட் காணாத புது வடிதுணியை எடுத்து, திரிந்ததை அதில் கவிழ்த்துப் பிழிந்தான். துணிக்குக் கீழே எண்ணெய் இறங்கியது. துணிக்கு மேலே ஏதோ நின்றது. பிரிந்துகொண்டிருந்ததை முழுவதுமாகப் பிரித்துவைத்த பெருமை அவனைச் சேர்ந்தது. திரும்பவும் இரண்டையும் ஜாரில் இட்டு மிக்ஸியை ஓட்டினான், ஓட்டினான், நிறுத்தி வேண்டிக்கொண்டு மறுபடி ஓட்டினான். முட்டை இல்லை. கடை நான்கரைக்குத்தான் திறக்கும். மணி மூன்று முப்பது.

அப்போது கதவு இடிபட்டது.

வந்து நின்றவள் மேல்வீட்டுக்காரி. மருத்துவமனை மருந்துப் பிரிவில் இரவுப்பணி பார்த்துப் பகலில் உறங்குகிறவள். சிவந்த விழியும் விரிந்த கூந்தலும் ஒரு காலில் மட்டும் செருப்புமாக, தூக்கம் பறிகொடுத்த காளியென அவள் நின்ற கோலம் கண்டு, ஏணி உச்சியிலும் பின்வாங்காத கால்கள் ஓரடி பின்வாங்கின.

“அண்ணா, எட்டாவது தடவை மிக்ஸி ஓடுது. எண்ணிட்டேதான் படுத்திருக்கேன். என்ன, சுவத்தை இடிச்சு அரைக்கிறீங்களா?”

வீரன் அடுக்களைக்கு ஓடினான். ஜாரைத் தூக்கிக் காட்டினான். பிறகு வாய் திறந்தால், தலையணை உறை, சன்னல் திண்டு, புதன்கிழமைப் பொய், நாலு மணி, எல்லாம் ஒரே மூச்சில் வெளியே கொட்டின, கடைசியில், “போச்சும்மா. எல்லாம் போச்சு” என்றான்.

சண்டைக்கென்று மாடி இறங்கி வந்தவள் சண்டையை மறந்தாள். இறைவன் நமக்கு அனுப்பும் உதவிகளில் பல, முதலில் சண்டை போடவே வருகின்றன. நாம் ஜாரைக் காட்டினால் போதும். அவள் ஸ்பூனை விட்டுத் துழாவினாள், ஒளிக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள்.

“இது போகலண்ணா. பிரிஞ்சிருக்கு. கெட்டுப்போறது வேற, பிரிஞ்சுபோறது வேற.”

“சேருமா?”

“களிம்பு கலக்கும்போது எங்களுக்கு மாசத்துல நாலு தடவை பிரியும். தூக்கியா போட்டுடுறோம்? இருங்க.”

அவள் ஏறிப் போய் ஒரு முட்டையோடு இறங்கி வந்தாள். இப்போது இரண்டு காலிலும் செருப்பு இல்லை.

“ஜாரைக் கழுவித் துடைங்க. புது மஞ்சக்கருவை அடியில போடுங்க. பிரிஞ்சதை அதுமேல விடணும், அது ஏத்துக்கிற அளவுக்குத்தான். சொட்டு சொட்டா.”

“சொட்டுன்னா... கொஞ்சமா?”

“கொஞ்சம்னு சொல்லாதீங்க. கண்ணுக்கு மருந்து விடுவோமே, அந்தச் சொட்டு.”

பெயின்டர் பிழைத்தது இந்த ஒரு அளவால். அவள் மிக்ஸியின் திருகைப் பிடித்தாள். அவன் மூடித் துளைவழியே ஸ்பூன் நுனியிலிருந்து சொட்டுவிட்டான். ஒரு சொட்டு, பொறு. மறு சொட்டு, பொறு. ஊரெல்லாம் அவனைத் தூரிகை வேந்தன் என்று புகழ, அவ்வேந்தன் மூச்சடக்கி, நாக்கைப் பல்லிடுக்கில் கடித்து, சிதறியோடிய தன் சேனையை ஒவ்வொரு சிப்பாயாகப் பெயர் சொல்லி அழைத்து வந்து கோட்டைக்குள் சேர்த்தான். புதியது பழையதை வெறுக்கவில்லை. ‘நீ பிரிந்தவனாயிற்றே’ என்று கேட்கவில்லை. வந்த ஒவ்வொரு சொட்டுக்கும் இடம் கொடுத்தது. மீண்டும் வெளுத்தது. மீண்டும் தடித்தது. மீண்டும் ஸ்பூன் நட்டால் நின்றது.

வீரனின் கை, கேட்பாரின்றி, எண்ணெய்ப் போத்தலை நோக்கி நகர்ந்தது.

“அண்ணா! கையை எடுங்க!”

“கட்டியாயிடுச்சேம்மா. இளக்க வேணாமா?”

“இளக்கணும்னா தண்ணி. ஒரு ஸ்பூன் வெதுவெதுன்னு தண்ணி.”

“தண்ணியா?”

ஐயோ, அந்த ஒரு சொல்லில் இருபத்திரண்டு ஆண்டு அடங்கியிருந்தது. எண்ணெய்ப் பெயின்ட்டில் ஒரு துளி நீர் விழுந்ததற்காக முழு டப்பாவையும் கவிழ்த்தவன் அவன். மழை தூறினால் சட்டையைக் கழற்றி டப்பாவை மூடியவன். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது அவனுக்குப் பழமொழியன்று, பிழைப்பு. இப்போது தூக்கம் கெட்ட ஒரு பெண் சொல்கிறாள் என்பதற்காக, எண்ணெயால் ஆன வெண்மலையின் தலையில் தன் கையாலேயே தண்ணீர் ஊற்ற வேண்டும்! மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஒரு பக்கம் கைப்பழக்கம் பல்லைக் கடித்து நின்றது. மறு பக்கம் சன்னல் திண்டில் டப்பா வைத்துத் தின்னும் ஒரு பெண்ணின் முகம் நின்றது. இறைவா, தெரிந்ததைச் செய்வது வேலை. தெரியாததை நம்பிச் செய்வதல்லவோ பக்தி! வீரன் கண்ணை மூடினான். ஊற்றினான்.

மலை நெகிழ்ந்தது. சிதறவில்லை, உருகி, வழவழத்து, வெண்பட்டுப் போல் மடிந்து விழுந்தது.

“அட!” என்றான் பெயின்டர்.

“உப்பு பாத்துக்கோங்க” என்றாள் மருந்துக்காரி. “நான் போய்ப் படுக்குறேன். எட்டு மணிக்கு டூட்டி. இனிமே இந்தக் கட்டடத்துல ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாலும் நான் வந்துடுவேன்.”

நான்கு மணி அடிக்கையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று கிண்ணங்கள் மேசைமேல் வீற்றிருந்தன. சுற்றிலும் நீளநீளமாக அரிந்த வெள்ளரியும் கேரட்டும், வாட்டிய ரொட்டித் துண்டுகளும் ஈட்டிப் படையாக அணிவகுத்தன. ஐந்து பெண்கள் படியேறி வந்தார்கள். சிரிப்பு அவர்களுக்கு முன்னாலேயே ஏறி வந்தது. வாசலில் வீரன் இரு கையும் விரித்து மறித்து, காற்றுக்கும் கேளாத குரலில் ஆணையிட்டான்:

“வாங்க வாங்க. சத்தம் மட்டும் போடாதீங்க. மேல ஒரு பொண்ணு தூங்குது.”

இப்படியாக, வெற்றி விருந்து முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது. கேரட்டைச் சத்தமின்றிக் கடிப்பது எளிய காரியமன்று. கன்னத்தில் ஒதுக்கி, ஊறவைத்து, பிறகு மெல்ல வேண்டும். ஒருத்தி கடித்தது ‘மொடுக்’ என்று கேட்க, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அந்தக் குலுங்கலில் பெயின்டரின் மனைவியும் ஒருத்தியாக இருந்தாள். பக்கத்தில் இருந்தவளின் தோளில் சாய்ந்து குலுங்கினாள்.

இஸ்திரி அக்கா மட்டும் குலுங்கவில்லை. மஞ்சளைத் தொட்டாள், சிவப்பைத் தொட்டாள், வெள்ளையில் ஒரு வெள்ளரியை மூழ்கடித்து எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். மனைவி தன் வெள்ளரியைக் கீழே வைத்தாள்.

“கடையில வாங்குனது இல்ல” என்று கிசுகிசுத்தாள் அக்கா.

“எப்படிக்கா சொல்ற?” என்றாள் ஒருத்தி.

“கடையில வாங்குனா சிங்க்ல இவ்வளவு பாத்திரம் எதுக்கு? சுவத்துல எதுக்கு தக்காளி?” பிறகு அந்தக் கூரிய கண்கள் வீரன்மேல் திரும்பின. “எவ்வளவு நாளா பண்றீங்க, அண்ணா?”

இதுவே இறுதி அம்பு. ஆமென்று தலையசைத்தால் புதிய பொய். இல்லையென்றால் பழைய பொய் வெளிப்படும். ஒரு பொய்யை மெய்யாக்கப் பட்ட பாட்டை இன்னொரு பொய்யால் வீணாக்குவதா? மனைவி தரையைப் பார்த்தாள். பெயின்டர் கடிகாரத்தைப் பார்த்தான். சத்தியத்தின் ஒரு நூலும் அறுபடாமல் விடையிறுத்தான்:

“ரொம்ப நேரமாம்மா.”

இஸ்திரி அக்கா அவனைப் பார்த்தாள். அவன் முழங்கை வரை அப்பியிருந்த வெள்ளையைப் பார்த்தாள். அவன் மனைவியைப் பார்த்தாள். மடிப்புப் பிசகு எங்கிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே எண்ணுகிறோம். ஆனால் சில மடிப்புகளைத் தேய்க்காமல் விடுவதும் ஒரு தேர்ச்சி. அந்தத் தேர்ச்சியை இறைவன் பெரிய மனசுக்காரர்களுக்கு மட்டுமே கொடுக்கிறான்.

“நாளைக்கு ஸ்டோர்ல சொல்லி ஒரு நாற்காலி வாங்கணும்” என்று அவள் பொதுவாகச் சொல்லிவிட்டு, இவள் பக்கம் திரும்பாமலே, “ஏய், அந்த வெள்ளையை இந்தப் பக்கம் தள்ளுடி” என்றாள்.

‘டி’ என்ற அந்த ஓரெழுத்துப் பட்டத்தை நான்கு மாதம் காத்திருந்து பெற்ற அந்தப் பெண், கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தித் தள்ளிவைத்தாள். எண்ணெயும் தண்ணீரும் ஒரே கிண்ணத்தில் கைகோத்து நின்ற அந்தத் திருநாளில், ஐந்து வெள்ளரித் துண்டுகள் ஒரே நேரத்தில் அதில் இறங்கின, வீரன் நிமிர்ந்தான், வெண்கொற்றக்குடையென அவன் தலைமேல் மின்விசிறி சுழன்றது, மேல்வீட்டில் மருந்துக்காரி புரண்டு படுத்தாள், அறம் வென்றது, அன்பு வென்றது, அடுக்களை அதிர்ந்தும் அதிராமல் வாழ்த்தியது.

ஐந்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதால், பாத்திரங்களை மறுநாள் காலையில்தான் கழுவினார்கள்.